யாரோட பொண்ணு இது?

மச்சி,

இன்று காலை அபிராமபுரம் பூங்காவில் புல் வெட்டியிருந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் அந்தப் பச்சை வாசனை முகத்தில் அடித்தது. நடக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர் "சார், கொஞ்சம் வழி விடுங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். ஒரு சுற்றுகூட நடக்காமல் வீட்டுக்குத் திரும்பி இதை எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. நீ இருந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் உன் ஸ்கூட்டர் வந்து நிற்கும். முன்னால் நின்றுகொண்டு உன் மகள் தாரா. "இன்னா மச்சி, இன்னும் பல்லுகூட தேய்க்கலியா? புள்ளைங்க ரெடி, நீதான் லேட்டு!" என்று கீழேயிருந்தே கத்துவாய். மூன்றாவது வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமை உனக்கு. என் மகன் அகிலுக்கு அப்போது ஐந்து வயது, தாராவுக்கு ஏழு. அவள் பேசமாட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்குப் போகாமல் நேராக என் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றாய். "பேசலைன்னா இன்னா மச்சி, நாமதான் நிறைய பேசறோமே" என்று சிரித்தாய். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பூங்காவில் தாரா செருப்பைக் கழற்றிவிடுவாள். உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பூக்களைப் பொறுக்கி பெஞ்சில் வரிசையாக வைப்பாள். அகிலும் கூட வைப்பான். ஒரு பூ கோணலாக இருந்தால் அதை நேராக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். அவள் ஏன் பேசுவதில்லை என்று அவன் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தால் மட்டும் அவளிடமிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ராகம் வரும். அது வந்தால் நீ பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாய். நானும் நிறுத்துவேன். மற்ற அப்பா அம்மாக்கள் நம்மைப் பார்ப்பதை நீ கவனித்ததே இல்லை என்று அப்போது நினைத்தேன். நான் கவனித்தேன். ஒவ்வொரு வாரமும் கவனித்தேன்.

அந்த ஞாயிறு, "அஞ்சு நிமிஷம் பாத்துக்க மச்சி, புள்ளைங்களுக்கு எளநி வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். நீ போன கொஞ்ச நேரத்தில் மூலையில் புல் வெட்டும் மிஷினைக் கிளப்பினார்கள். தாரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடியபடி ஓடினாள். சறுக்குமரப் படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் மேல் மோதினாள். அவன் விழுந்து, தாடையில் லேசாக ரத்தம். அவன் அம்மா ஓடிவந்தார். தாரா நேராக என்னிடம் வந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோட பொண்ணு இது? இந்த மாதிரிக் குழந்தைங்களை ஏன் இங்கல்லாம் கூட்டிட்டு வர்றாங்க?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியலைங்க. எங்க கூட வரலை" என்றேன். சொல்லிக்கொண்டே என் சட்டையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"அப்பா, நம்ம தாராப்பா!" என்று அகில் கத்தினான்.

திரும்பினால், கையில் இரண்டு இளநீருடன் நீ நின்றுகொண்டிருந்தாய்.

நீ இளநீரைப் பெஞ்சில் வைத்தாய். தாராவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாய். "என் பொண்ணுதாம்மா. மிஷின் சத்தம்னா பயம். மன்னிச்சிருங்க" என்று சொல்லி, அந்தப் பையனின் தாடையை உன் கைக்குட்டையால் துடைத்தாய். பிறகு ஒரு இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு அகிலிடம் நீட்டினாய். "குடிடா கண்ணு, வெயிலு ஏறுது." என்னை அடித்திருக்கலாம் நீ.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாய். அகிலுக்கு ஜுரம் என்றேன். அதற்கடுத்த வாரம் நீச்சல் வகுப்பு. நான்கு வாரம் கூப்பிட்டாய், பிறகு நிறுத்திவிட்டாய். நான் அகிலை தி.நகர்ப் பக்கம் வேறொரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "தாரா வரலியா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஒருமுறை லஸ் சிக்னலில் பக்கத்திலேயே உன் ஸ்கூட்டர் நின்றது. நான் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். போன் அணைந்துகிடந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வாழ்த்து அனுப்புவாய். பதில் அடிப்பேன், அழித்துவிடுவேன். இப்படியே ஐந்து வருஷம் போயிற்று.

நீ நெஞ்சுவலியில் போன செய்தி பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பத்தாம் நாள்தான் உன் வீட்டுப் படி ஏறினேன். உன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதார். "உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லண்ணா. வேலைல மாட்டிக்கினான், பாவம்னு சொல்வாரு. ஊரே எங்க பொண்ணைப் பாத்து ஒதுங்கினப்ப, நீங்க ஒருத்தர்தான் உங்க புள்ளையோட சேத்துக் கூட்டிட்டுப் போனீங்க."

அன்றைக்கு நடந்ததை நீ அவரிடம் சொல்லவே இல்லை. வீட்டில் என் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு திரும்பப் போனேன். சமையலறை வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். தாராவுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. உன் மனைவி அடுப்பை அணைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவரு மறைச்சாரில்ல. நீங்களும் மறைச்சிருக்கலாம்ணா" என்றார். "எங்க பொண்ணை ஒதுக்காத ஒரு மனுஷனாவது இருந்தார்னு நான் நெனச்சிட்டு இருந்தேன்."

போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பொய் சொன்னவன் என்பதோடு எப்படியாவது வாழ்ந்துவிடுவேன், மச்சி. நீ உன் வீட்டுக்குள் எனக்காகக் கட்டிவைத்திருந்த அந்த நல்லவனை, என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக நானே கொன்றுவிட்டு வந்திருக்கிறேன். அது லேசாகவும் இல்லை.