பொதுச் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர்

"ஜோதி பெரியம்மா ஏம்மா மிக்ஸியைத் தூக்கிட்டு மாடிக்குப் போறாங்க?"

கவிநிலா கைக்குழந்தையாக இருந்தபோது நம் மாறன் கேட்டது இது. அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போய் நானே விசாரித்தேன். "பாப்பா இந்தச் செவுத்துப் பக்கந்தானேம்மா தூங்குது"ன்னாங்க பெரியம்மா. மூன்று மாதம் அவர்கள் சட்னி அரைத்தது மொட்டை மாடியில்தான்.

என்னங்க, கோபப்படாமல் படியுங்கள். நேற்று நீங்கள் அதே சுவரில் மாட்டிய ஹோம் தியேட்டரின் பின்பக்க ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன். பக்கவாதம் வந்த பெரியப்பாவை இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

"எனக்குன்னு ஆசையா ஒண்ணு வாங்கக் கூடாதா"ன்னு நேற்று கேட்டீர்களே, அது மனதில்தான் இருக்கிறது. அதனால் சோபாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறேன். ஒயர்லெஸ் என்று பேர்தான், கரண்டுக்கு ஒயர் வேண்டியிருக்கிறது. அயர்ன் பாக்ஸ் பிளக்கில் சொருகியிருக்கிறேன். நீல விளக்கு சிமிட்டாமல் எரிகிறது. சத்தத்தின் திசை மாறி, படத்தில் வரும் ஹெலிகாப்டர் சமையலறையிலிருந்து வந்தால் நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் ஊற்ற பிள்ளைகளோடு அடி அண்ணாமலை போகிறேன். கூட்டம் ஜாஸ்தி, வர நேரமாகும். வத்தக்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. அப்பளம் மட்டும் சுட்டுக்கொள்ளுங்கள்.

எழில்

பி.கு: பெரியம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். கிளம்பும் முன் படத்தை ஓடவிட்டுப் பெரியப்பாவின் ஜன்னலோரம் போய் நின்றேன். அவர் குறட்டை மட்டும்தான் கேட்டது. யார் கண்ணிலும் படாமல் திரும்பி வந்துவிட்டேன்.