இரண்டு கேபிளுக்கு இரண்டு பேர்

இல்லை அம்மா, உன் தையல் வகுப்பு வீடியோக்களில் ஒன்றுகூடத் தொலையவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு என் வணக்கம். நான் நலம்.

வீடியோக்களைச் சேமித்திருக்கும் பெட்டியிலிருந்து, கணினிகளையெல்லாம் இணைக்கும் ஸ்விட்சுக்கு ஒரு கேபிள்தான் போனது. வேகம் கூடட்டும் என்று இன்னொன்றைச் செருகி, இரண்டையும் ஒரே இணைப்பாக்கும்படி பெட்டியில் அமைத்தேன். ஸ்விட்சிலும் அமைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். பெட்டியே கணினியில் தெரியாமல் போனது. உன் நான்கு வருட உழைப்பு! ஸ்விட்சையும் சரிசெய்ததும் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன.

வேகம் மட்டும் துளியும் கூடவில்லை. ஒருவர் மட்டும் நகலெடுத்தால் ஒரு கேபிள்தான் வேலை செய்யுமாம். இரண்டாவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. விடுதியில் ஆறு மாதமாக வெறும் புன்னகையோடு கடந்துபோகும் அடுத்த அறை நர்ஸ் அக்காவின் கதவைத் தட்டினேன்.

“ஏம்மா, நான் வந்து உக்காந்தாத்தான் உன் பெட்டி ஓடுமா?” என்றபடியே லேப்டாப்போடு வந்தார்.

இருவரும் ஒரே நேரத்தில் நகலெடுத்தோம். இரண்டும் முழு வேகத்தில் வந்தன! பிறகு ஒரு பாடத்தை ஓடவிட்டோம். “என் மூஞ்சியில என்னடி இருக்கு, துணியைப் பாருங்க” என்று நீ அதட்டினாய்.

“உங்கம்மாகிட்ட படிச்சிருந்தா தினமும் திட்டு வாங்கியிருப்பேன்” என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

சட்டைக்கை தைக்கும் பாடத்தையும் அனுப்பு. கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி வை, அம்மா. பாதி வீடியோக்களில் உன் கைகள் மட்டும்தான் தெரிகின்றன.

அக்கா சட்டை தைக்கத் துணியோடு வந்துவிட்டார். கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு அவருக்குத் தோள் அளவு எடுக்கப் போகிறேன்.