தர்ப்பையில் உங்கள் உரு

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள், டொக்டர். மகள் இருமி இருமி இப்போதுதான் கண் அயர்ந்தாள். துவைக்க எடுத்த அவளுடைய சட்டை விளிம்பில் ஒரு தர்ப்பைப் புல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கருகே பிடித்தேன். இன்னும் ஈர வாசம். காலையில் உங்கள் வீட்டு ஹோலில் அந்தப் புல்லால்தான் உங்களைக் கட்டினார்கள்.

நீங்கள் காணாமல் போன பிறகு பிறந்தவள் இவள். உங்களுக்கு இவளைத் தெரியாது. என்னைத் தெரியும். கொட்டாஞ்சேனையில் நீங்கள் டிஸ்பென்சரி வைத்திருந்த காலத்தில், துறைமுகத்தில் கணக்கெழுதும் லிகிதராக இருந்த என் அப்பா தோளில் தூக்கி வந்த இழுப்புக்காரப் பிள்ளை நான். முதுகில் ஒரு விரலை வைத்து மற்ற விரலால் தட்டிக் கேட்பீர்கள். நான் அழுதால் மேசையையும் தட்டி, "இவருக்கு உன்னைவிடச் சளி கூட" என்பீர்கள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி, பேராசிரியர் பதவி, பீடாதிபதி. கடைசியில், சண்டை நடக்கும் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் துணைவேந்தராகப் போனீர்கள். எல்லோரும் மறித்தார்கள். "வார்டில நோயாளி கிடக்கேக்க டொக்டர் லீவு கேக்கிறதே?" என்றீர்களாம். ஷெல் விழுந்த பரீட்சை மண்டபத்தின் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "இது தாங்கும், சோதினையை வையுங்கோ" என்று நீங்கள் சொன்ன கதையை, அங்கே படித்த என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணமாகி வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவுக்கு நான் குடிவந்தபோது, நீங்கள் அங்கே, நான் மாமி என்று கூப்பிடும் உங்கள் மனைவி இங்கே. சண்டையால் பாதை பூட்டிய மாதங்களில் அங்கிருந்து ரெலிபோன் எடுப்பீர்கள். மாமி சமையலில் இருந்தால், அவரோடு இருக்கும் நான் பேசுவேன். கதைக்க முன்னம் றிசீவரை இரண்டு தரம் தட்டுவீர்கள். "லைனுக்குச் சுவாசம் இருக்கோ எண்டு பாக்கிறன், பிள்ளை."

விடுமுறையில் வந்திருந்த ஒருநாள், பொரளையில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாணவன் ஒருவனைப் பார்க்கப் போனீர்கள். நீங்கள் கொடுத்த தோடம்பழங்கள் அவன் கட்டிலருகே இருந்தன. அந்த வாசலுக்கு வெளியே உங்களைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

மாமி பொட்டை அழிக்கவில்லை. இரண்டு பேருக்குத்தான் உலை வைத்தார். ஆமி சுற்றிவளைத்துச் சோதிக்கும்போது தனியாக அடையாள அட்டையோடு படிக்கட்டில் நிற்பார். போன கிழமை லண்டனிலிருந்து அவருடைய தம்பி வந்தார். "அக்கா, இவ்வளவு நாள் காத்திருந்தது காணும். மெல்பேர்னுக்கு, மகளிட்டப் போ. டிக்கற் போட்டாச்சு. அத்தானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டுப் போ" என்றார். மாமி ஓம் என்றார்.

உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருச் செய்து கிரியை நடத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டது இன்றுதான். ஐயர் தலை, கை, கால் என்று முடிச்சுப் போட்டு, வாழையிலையில் உங்களைக் கிடத்தினார். மாமி குனிந்து பார்த்தார்.

"அவர் இவ்வளவு மெலிவில்லை, ஐயா."

"துணைவேந்தர் வேலை ஆளை மெலிய வைக்கும், அக்கா" என்றார் தம்பி. சிரித்தவர் அவர் மட்டும்தான். ஐயர் இன்னொரு பிடி புல்லை எடுத்து நெஞ்சில் வைத்துக் கட்டினார்.

ஃபான் நிறுத்தியிருந்தது. கடல் பக்கத்து ஜன்னலும் பூட்டு. ஆனாலும் அந்த நெஞ்சு மெல்ல மேலே எழுந்தது. என் மடியிலிருந்த மகள், "அம்மா, மாமா எழும்பப் போறார்" என்றாள். ஈரப் புல் கட்டுக்குள் விரிகிறது, பயப்படவேண்டாம் என்றார் ஐயர்.

அப்போதுதான் ரெலிபோன் அடித்தது. அருகில் இருந்தது நான். ஹலோ என்றேன். பதில் இல்லை. பிறகு இரண்டு தட்டல். பிறகு, முதுகில் விரலை வைத்தபடி நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்களே, அதைப் போல ஒரு மௌனம். லைன் அறுந்தது.

"ஆர், பிள்ளை?"

"ஒருத்தரும் கதைக்கேல்லை, மாமி. ரெண்டு தரம் தட்டிக் கேட்டுது."

மாமி எழுந்து வந்தார். வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து உங்கள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார், கால்களிலிருந்து.

"அம்மா, தொடங்கினதை அப்பிடி இடையில குலைக்கக் கூடாது" என்றார் ஐயர்.

"உயிரோட இருக்கிறவரைக் கட்டி வைக்கலாமோ, ஐயா?"

தம்பி என்மீது பாய்ந்தார். "நீர் படிச்ச பிள்ளைதானே? லைன் கரகரக்கிறதுக்கு இப்பிடி ஒரு கதையோ? நாளைக்கு இவவை ஆர் பாக்கிறது, நீரோ?"

மாலையில் மாமிக்குச் சோறு கொண்டுபோனேன். ரெலிபோன் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். புதிதாகப் பொட்டு வைத்திருந்தார். டிக்கற் வேண்டாமாம். தம்பி வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அதுவரை டிக்கற்றைக் கான்சல் பண்ணாமல் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்.

நான் கேட்டது எது, டொக்டர்? இரவு முழுக்க மகளின் இருமலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதுக்குள் எப்போதும் ஏதோ தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மிரட்டுவதற்காகத் தமிழ் வீடுகளுக்கு ரெலிபோன் எடுத்துப் பேசாமல் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மௌனம் எனக்குப் பழகியது. "தாய் பயந்தால் பிள்ளைக்கு ரெண்டு வருத்தம்" என்று என் அம்மாவை நீங்கள் அதட்டியது நினைவிருக்கிறதா? பயப்படாமல் இருக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் செய்ததைப் போலவே மகளின் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்க்கிறேன். என்ன கேட்கவேண்டும் என்று தெரியாமலே கேட்கிறேன்.

நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி மாமி இங்கே தனியாக இருக்கப் போகிறார். காலையில் ரெலிபோன் எடுத்தது நீங்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், அவர் இருக்கட்டும். நீங்கள் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஐயரைத் திரும்பக் கூப்பிடுவதும், மாமியைப் பிளேன் ஏற்றுவதும் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் வேண்டும், டொக்டர். கெதியாப் பதில் போடுங்கோ.