கத்தரிப்பூ நிற ரிப்பன் கட்டிய பெட்டி

ஆல்டர் ஏரி, மின்னசோட்டா
1925 செப்டம்பர் 20, ஞாயிறு மதியம்

அன்புள்ள சிக்னே,

இங்கே நான், பூனை, பதினோரு கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே டுலூத்தில் நீயும் உன் தங்கை மார்த்தாவும் குழந்தையும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்துவிட்டது, மார்த்தா எழுந்து நடமாடுகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எப்போது திரும்பி வருகிறாய் என்று அதில் எழுதவில்லை. நான் கேட்கவில்லை, நீ எழுதவில்லை என்பதைக் குறிப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

மாவட்டப் போட்டியில் எங்கள் ஆலை வெண்ணெய்க்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவன் உப்பை அள்ளிக் கொட்டுகிறவன். நடுவருக்கு நாக்கு செத்துவிட்டது என்று நினைக்கிறேன். மற்றபடி வேலை வழக்கம்போல. உன் தக்காளிச் செடிகளை முதல் பனி வந்து கருக்கிவிட்டது. காயாக இருந்தவற்றைப் பறித்து ஜன்னலோரம் அடுக்கியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் தேவாலயக் கூரைச் செலவுக்காக, பெண்கள் பெயரை மறைத்துக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளின் ஏலம் நடந்தது. நீ ஊரில் இல்லாததால் நான் சும்மா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றிருந்தேன். ஏலத்துக்குப் பெட்டி சேர்க்கிற திருமதி ஆப்சால் விட்டால்தானே! ஆலை வாசலுக்கே வந்து, "பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா உங்க வீட்ல அடுப்பு எரியாதா? வீட்டுக்கொரு பெட்டி வந்தாகணும். கூரை உங்க தலைமேலயும்தான் ஒழுகுது" என்று பிடித்துக்கொண்டாள். ஆண் பிள்ளை எங்காவது பெட்டி கட்டியது உண்டா என்றேன். "கட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்றாள். இல்லை. அதனால் கட்டினேன்.

நீ சிரிக்கக் கூடாது. இறைச்சி உருண்டை செய்தேன். அடி பிடித்துவிட்டது, குழம்பை மேலே ஊற்றி மறைத்தேன். உருளைக்கிழங்கு, கம்பு ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, நம் வெண்ணெய் கால் பவுண்டு. பெட்டி மொட்டையாக இருந்தது. உன் தையல் மேஜையின் கீழ் இழுப்பறையில் கத்தரிப்பூ நிறத்தில் பழைய ரிப்பன் ஒன்று கிடந்தது. அதை எடுத்து இரட்டை முடிச்சாகக் கட்டினேன். எங்கோ பார்த்த ரிப்பன் என்று பட்டது, எங்கே என்று தோன்றவில்லை. அவ்வளவு மந்தம் நான்.

ஏலம் பாதி நடந்திருக்கும். வாசலில் ஒரு நீளமான கார் வந்து நின்றது. இறங்கினவன் வெள்ளைக் கோட்டும் வெயிலில் கறுத்த முகமுமாக இருந்தான். வெண்டல் க்ராஸ். நம் ஏரியில் பனிக்கட்டி அறுத்து வண்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்த அதே வெண்டல். ஃப்ளோரிடாவில் சதுப்பு நிலத்தை வாங்கி விற்றுப் பெரும் பணக்காரனாகிவிட்டான் என்று பேச்சு அடிபட்டதே, பொய்யில்லை போலிருக்கிறது. யாரையும் பார்க்காமல் நேரே மேஜையிலிருந்த பெட்டிகளைப் பார்த்தான். என் பெட்டியில் அவன் கண் நின்றுவிட்டது.

போதகர் அதைக் கையில் எடுத்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பது சென்டுக்குமேல் போகாது என்று எனக்கே தெரியும். வெண்டல் எழுந்து, "இருநூறு டாலர்" என்றான். போதகர் கையிலிருந்த சுத்தியல் அப்படியே நின்றது. முதல் வரிசைக் கிழவர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குமேல் கேட்க ஆள் ஏது? திருமதி ஆப்சால் மூடியைத் திறந்து, கட்டினவர் பெயர் எழுதிய சீட்டை எடுத்து உரக்கப் படித்தாள். ஹால்வர் ட்வைட், அடியேன்தான்.

கூடம் இடிந்துவிடும்போல் சிரிப்பு. வெண்டல் முகத்தை நான் பார்த்தேன், சிக்னே. சிரித்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. போதகர் இறங்கி வந்து, தவறு நடந்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, "பெட்டிய எடுத்தவன் கட்டினவங்களோட உக்காந்து சாப்பிடணும். அதானே இந்த ஊர் சட்டம்? வா ஹால்வர், பசிக்குது" என்றான். எனக்கு அந்த நிமிடமே அவனைப் பிடித்துவிட்டது. பிடித்தது கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

வெளியே மேப்பிள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் அடிபிடித்த உருண்டையைக்கூட விடவில்லை. "நீயா செஞ்ச?" என்றான். "தெரியலியா?" என்றேன். "நல்லா தெரியுது" என்றான். இருவரும் சிரித்தோம்.

கடலைப் பார்த்தபடி பதினான்கு அறைகளோடு வீடு கட்டியிருக்கிறானாம். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டேன். "எந்த ரூம்ல உக்காந்தாலும் பக்கத்து ரூம்ல யாரோ இருக்கிற மாதிரியே தோணுது. எழுந்து போய்ப் பாத்தா யாருமில்ல" என்றான். பிறகு மெதுவாக, "சிக்னே இன்னும் பாடறாளா?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சிக்னே பாடினா கோழி முட்டை போடாதேப்பா. பாடினது அவ தங்கச்சி மார்த்தா" என்றேன். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். தேவாலயத்துப் பின்வரிசையில் நின்றுகொண்டு கேட்டானாம், முன்னால் மார்த்தாவோடு நின்ற உன் குரல் என்றே நினைத்தானாம். "பன்னண்டு வருஷமா அவ குரல்னு நெனச்சு யார் குரலையோ கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றான்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு உள்ளே ஒரு குஷி. அது அதிக நேரம் நிற்கவில்லை. "பாட்டு தப்பா இருக்கலாம், ரிப்பன் தப்பில்ல" என்றான். "அந்த வருஷ ஏலத்துல பெட்டிக்குக் கத்தரிப்பூ ரிப்பன் கட்டுறேன்னு அவளேதான் எங்கிட்ட சொன்னா. கையில இருக்கிறதையெல்லாம் கொண்டு வான்னா. எங்கிட்ட இருந்தது ஒரு டாலர் பத்து சென்ட். நீ ஒண்ணேகால்னுட்ட."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். அவன் தாழியை உடைத்தவன் நான் என்று பன்னிரண்டு வருடம் கழித்து எனக்குத் தெரிய வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது யார் பெட்டி என்று அன்று எனக்குத் தெரியாது. இறைச்சி உருண்டை வாசனை வந்தது, ஏலம் கேட்டேன். மூடியைத் திறந்தபோது உன் பெயர் இருந்தது. நீயும் முகம் சுளிக்காமல் வந்து உட்கார்ந்து, எனக்கு இரண்டாம் தடவையும் பரிமாறினாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நீ மரியாதைக்குச் செய்ததாகவும் இருக்கலாம் என்று நேற்றுத்தான் முதல்முறையாக நினைத்தேன்.

இன்னொன்றும் கேட்டான். "கடல் பாக்கணும்பாளே, பாத்துட்டாளா?" நீ அப்படி ஆசைப்பட்டதே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சுப்பீரியர் ஏரிக்கரைக்குப் போனேன், மறுகரை தெரியவில்லை என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கிறது. நான் அதை வானிலைச் செய்தி மாதிரி படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

கிளம்பும்போது உன் முகவரி கேட்டான். கொடுத்தேன். திருமதி ஆப்சாலுக்குத் தெரிந்தால் என்னைப் பைத்தியம் என்பாள். உன்னிடம் ஒருவர் பேச வருவதை மறிக்க நான் யார்? முன்பு தெரியாமல் மறித்ததே போதும். புதன்கிழமை டுலூத் வந்து உன்னைப் பார்ப்பான். இந்தக் கடிதம் செவ்வாயன்று உன் கைக்கு வந்துவிடும் என்று நேற்று மாலையே தபால் அலுவலகத்தில் கேட்டுவைத்தேன். என்னிடமிருந்து நீ முதலில் கேட்க வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நல்லவன். அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேள். பணத்துக்காக நீ போவாய் என்று நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். போனால் வேறு நியாயம் இருக்கும்.

என் பக்கமும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாடும் சிக்னேயைத் தெரியாது. மாவு பிசையும்போது தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பேசுகிறவளை, கோபம் வந்தால் பூனையிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்கிறவளைத்தான் தெரியும். அவள் வீட்டில் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இத்தனை வருடம் நான் நிம்மதியாக இருந்தேன். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று எண்ணிக் கேட்காமலே இருந்துவிட்டேன். அது என் தப்பு. நீ எனக்கு வேண்டும், சிக்னே.

ஆலையில் வெள்ளியும் சனியும் விடுப்புக் கேட்டிருக்கிறேன். மேலாளர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ரயிலில் நான் அங்கே வரலாமா? உன்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு இல்லை. அந்தக் கரையில் நீ எங்கே நிற்பாயோ, அங்கே உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வரலாம் என்றால் ஒரு சொல் தந்தி அடி. வேண்டாம் என்றால் எதுவும் எழுதி வருத்தப்படாதே, நானே புரிந்துகொள்வேன். உன் கம்பளிக் கோட்டை மட்டும் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அக்டோபரில் அங்கே காற்று அதிகமாக இருக்குமாம்.

எந்தப் பதில் வந்தாலும்
உன்
ஹால்வர்