மரையில் காய்ந்த சந்தனம்

இன்று காலை கராஜைத் திறந்ததும் உங்கள் வாசனை அடித்தது. துரு நீக்கும் எண்ணெயும் சந்தனமும் கலந்து குமட்டுமே, அதுதான். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இந்த முறை எண்ணெய் விட்டது நான்.

பக்கத்து வீட்டு ஹாங்க் போன வாரம் வந்திருந்தார். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து அடைத்துத் தோட்டா பண்ணும் உங்கள் பழைய இரும்பு பிரஸ்ஸை, ஷூட்டிங் ரேஞ்ச் கூட்டாளியான அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். மருந்து டப்பாக்களை அவர் முன்பே கொண்டுபோய்விட்டார். "சாத்தூர்ல பொறந்த புத்தி, ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்ட் வந்தாலும் வெடிமருந்தை விடல" என்று நான் திட்டத் திட்ட, ஏதோ ஒரு கராஜ் சேலிலிருந்து தூக்கி வந்தீர்களே, அதே பிரஸ்.

அதன் தலையில் திருகியிருந்த டை, கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அசையவில்லை. ஹாங்க் குனிந்து, மரை இடுக்கில் மஞ்சளாய்க் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினார். "பூஜா பேஸ்ட்!" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவரே சொன்னார், மரை துருவேறி இறுகியது என் சந்தனத்தால்தானாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காருக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு இதற்கும் நான் சந்தனத்தைக் குழைத்து அப்புவேன். ஈரச் சந்தனம் ஹூஸ்டன் புழுக்கத்தில் இரும்பு மரையை என்ன செய்யும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். அப்புறம் இரண்டு வாரம் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டிக் கழற்றுவீர்களாம். வருஷா வருஷம். "கராஜ்ல அப்படி என்னதான் பண்றீங்க?" என்று கேட்டால் ஒரே பதில்: "ஒண்ணுமில்ல." மரை கழன்ற மனுஷன் என்று நானும் விட்டுவிட்டேன்.

சொன்னால் அவள் வருத்தப்படுவாள் என்பீர்களாம். ஹாங்க் அதை அன்பு என்று நினைத்துச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. போன வருஷம் மட்டும் ஏன் கழற்றவில்லை என்றும் சொன்னார். டையைத் திருகிக் கழற்ற ரெஞ்சை இழுத்தால் நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். மனைவிக்குத் தெரியுமா என்று அவர் கேட்டாராம். தெரியும், அவளே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள் என்றீர்களாம்.

எனக்கு எங்கே தெரியும்? அந்த வாரம்தான் நீங்கள் சாப்பிடாமல் தட்டை நகர்த்தினீர்கள்.

"முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல. கேஸ்தான்."

பெருங்காயம் போட்டு மோர் கரைத்துக் கொடுத்தேன். உயிரையே வாங்கப்போகும் நெஞ்சு வலிக்கு மோர்! அந்த டம்ளரை இன்னும் என்னால் கையில் எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல முடிந்ததைக் கட்டினவளிடம் சொல்ல வாய் வரவில்லை. போதாததற்கு என் பேரில் ஒரு பொய் வேறு. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

பிரஸ்ஸைத் தர மாட்டேன் என்று ஹாங்கை அனுப்பிவிட்டேன். கழற்றும் வழியை மட்டும் கேட்டுக்கொண்டேன். பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விட வேண்டும், ஊறவிட வேண்டும், மறுபடி விட வேண்டும். முதலில் மயிரிழை இறுக்கிவிட்டு அப்புறம்தான் தளர்த்த வேண்டுமாம். ஏழு நாள் விட்டேன். இன்று காலை ரெஞ்சை இழுத்தபோது டக்கென்று விட்டுக்கொடுத்தது. போன வேகத்தில் என் விரல் முட்டி இரும்பில் மோதிக் கிழிந்தது. கீழே உட்கார்ந்து உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் வந்தாள். "அம்மா, வாட் ஹேப்பண்ட் டு யுவர் ஹேண்ட்?"

"ஒண்ணுமில்லடி" என்றேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. அது உங்கள் வார்த்தை, உங்கள் குரல். உடனே அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். கை கிழிந்ததைச் சொன்னேன். மோரைச் சொன்னேன். நான் சரியாகத் தூங்கி மாதக்கணக்காகிறது என்றும் சொன்னேன். அவள் அழுதாள். அழட்டும். வருத்தப்பட எனக்கும் தெரியும். நீங்கள்தான் என்னை விடவில்லை.

விரலில் தழும்பு நிற்கும் போலிருக்கிறது. நிற்கட்டும். யார் கேட்டாலும் எப்படி வந்தது என்று முழுசாகச் சொல்வேன்.