சனிக்கிழமைப் பைகள்

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே புழுக்கம். இவருக்கு முதல் ஷிஃப்ட். விடியுமுன் டிபன் கட்டி அனுப்பியாயிற்று. துணி ஊறப்போட்டு மறந்தே போனேன். சாயங்காலம் பார்த்தால் ஒரே வாடை.

டவுன்ஷிப் நூலகத்துப் பின்னறையில் பை கட்டும் வேலை. நான், எதிர் குவார்ட்டர்ஸ் பத்மா, சுகுமார் சார். சார் ரிடையர் ஆனவர். இதற்கு ‘உணவு வங்கி’ என்று பெயர் வைத்து, வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, வீடு வீடாகக் கேட்டு நடத்துகிறவர். வாங்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. “பை குடுக்கிற எடம்”, அவ்வளவுதான்.

ஒரு பைக்கு: அரிசி, து.பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், சோப். சோப் பத்மாவின் யோசனை. பையை வாங்கியதும் பெண்கள் முதலில் மோந்து பார்ப்பது அதைத்தான்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் தனியாக இருக்கும் வயதானவர்கள், கணவர் இல்லாதவர்கள். இப்போது வேலையில் இருப்பவர்களே வருகிறார்கள். தனியார் பள்ளி டீச்சர் ஒருத்தி, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு. சாப்பாடு டெலிவரி பண்ணும் பையன், பைக்கைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல். இன்று வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. கடைசியில் நின்றவர்களுக்கு வெறும் எண்ணெய்ப் பாக்கெட். ஒரு பெண் அதையும் திருப்பித் தந்து, “பின்னாடி இருக்கிற அவங்களுக்குக் குடுத்துடுங்க” என்றாள்.

வரிசையில் நின்ற, பக்கத்து மந்தாரக்குப்பத்து அஞ்சலையிடம் பத்மா கேட்டாள், ரேஷனில்தான் அரிசி போடுகிறார்களே என்று. சண்டையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

“கார்டு எங்க மாமியார் வூட்டோட சேத்தியாத்தோப்புல கெடக்குதும்மா. பஸ்ஸு புடிச்சிப் போயி வாங்கியாந்தா அன்னிக்கு வேல போச்சி. அப்பிடியே வாங்கியாந்தாலும் வெறுஞ்சோத்த எத்தினி நாளு துன்றது?”

அஞ்சலை இங்கே இரண்டு குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறாள். கணவர் கான்ட்ராக்ட் ஆள். பழைய கான்ட்ராக்டர் போய்ப் புது ஆள் வந்ததிலிருந்து கூப்பிடவில்லை. தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறாராம்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.


ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். முருங்கைக்காய் நல்லதாகக் கிடைத்தது.

சு. சார் ஃபோன் பண்ணினார், குரலிலேயே சந்தோஷம். மந்தாரக்குப்பத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ராஜாமணி, தீபாவளி வரை பருப்பும் எண்ணெயும் தானே தருவதாகச் சொல்லிவிட்டாராம். இனி யாரும் வெறும் எண்ணெயோடு போக வேண்டாம். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் சொன்னார்: “பேனர் ஒண்ணு கட்டுவாங்க. பை வாங்கறப்ப ஒவ்வொருத்தரையும் போட்டோ எடுத்துப்பாங்க. பைய நீங்கதான் எடுத்துக் குடுக்கணும் மேடம். லேடீஸ் குடுத்தா நல்லா இருக்கும்.”

சரி என்றேன். ஒரு படம்தானே. எந்தப் புடவை என்றுகூட யோசித்தேன்.


ஆகஸ்ட் 9, சனி

மேகமூட்டம். மழை இல்லை. தலைவலி, மாத்திரை போட்டும் விடவில்லை.

பேனர் மேஜையைவிடப் பெரிது. அதில் ராஜாமணி கை கூப்பியபடி. போட்டோக்காரர் “கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிரித்தது நான் ஒருத்திதான்.

டீச்சர் திருப்பம் வரை வந்தாள். பேனரைப் பார்த்ததும் ஃபோன் வந்தமாதிரி காதில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். டெலிவரி பையனை ஹெல்மெட் கழற்றச் சொன்னார் சு. சார். கழற்றினான். படம் எடுக்கும் நேரம் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துவிட்டான். “இன்னொண்ணு எடுத்துக்கலாம்” என்றார் போட்டோக்காரர். இரண்டாம் தடவை நிமிர்ந்து நின்றான், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அஞ்சலை மேஜை வரைக்கும் வந்தாள்.

“அக்கா, இது எதுல வரும்?”

“குரூப்ல போடுவாங்க போல.”

“அப்ப வேணாங்கக்கா.”

கோபம் இல்லை, சத்தம் இல்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு வரிசையை விட்டு விலகிப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் சிலரும்.

முதன்முறையாகப் பைகள் மிஞ்சின. சு. சார் அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாத்தீங்களா? தேவை இல்லாதவங்கதான் இத்தன நாளா வந்திருக்காங்க. இப்ப வடிகட்டின மாதிரி ஆச்சு.”

பத்மா மிஞ்சின பைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே, “அவங்க வீட்டுல இன்னிக்கு என்ன சமைப்பாங்க?” என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

படங்கள் வந்துவிட்டன. பிளாக் குரூப், லேடீஸ் குரூப், இவருடைய ஷிஃப்ட் ஆட்கள் குரூப், எல்லாவற்றிலும். பூங்கொத்து, கை தட்டல், கும்பிடு.

“நீ நல்லா விழுந்திருக்க” என்று இவர் காட்டினார். உண்மைதான். பச்சைப் புடவை எடுப்பாக இருக்கிறது. என் பக்கத்தில் ஒரு பெண்ணின் பாதி முகம். மீதியை உள்ளங்கை மறைத்திருக்கிறது.

“இவங்க யாரு?” என்றார். பெயர் தெரியவில்லை எனக்கு. ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

ஃபோனைக் கீழே வைத்துவிட்டு இவரே சொன்னார், “டிசம்பரோட எனக்கும் வேலை முடியுது. குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். பையனுக்கோ கான்ட்ராக்ட் வேலைதான். வரிசைக்கு எந்தப் பக்கம் யாரு நிப்பாங்கன்னு சொல்ல முடியாது.” சொல்லிவிட்டு டிவி போட்டுவிட்டார்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாலையில் தூறல். ஸ்கூட்டியில் மந்தாரக்குப்பம். பை ஒன்றை வேறு துணிப்பைக்குள் போட்டு எடுத்துப்போனேன். அஞ்சலை வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ஒரே அறை, தகரக் கதவு. கணவர் வெளியே போயிருந்தார். டீ போடப் போனாள், வேண்டாம் என்றேன். போட்டுவிட்டாள்.

“எம்பொண்ணு நர்சிங் படிக்கிதுக்கா. கூடப் படிக்கிறதுங்கள்ல பாதி குவார்ட்டர்ஸ் புள்ளைங்க. அதுங்க ஃபோன்ல இந்த போட்டோ போவாமயா இருக்கும்? நாளைக்கு எம்பொண்ணு எப்பிடி அதுங்ககூட ஒக்காந்து துன்னும்?”

பையை நீட்டினேன். உடனே வாங்கிக்கொண்டாள். “வேணான்ற நெலமையில நான் இல்லக்கா” என்று சொல்லிக்கொண்டே பருப்பை டப்பாவில் கொட்டினாள். டப்பா காலியாகத்தான் இருந்தது. மூடியை அழுத்திவிட்டுத் திரும்பினாள்.

“எனக்குக் கொண்ணாந்து குடுத்துட்டீங்க. அந்த டீச்சருக்கு? ஹெல்மெட்டு போட்டுகினு வருமே ஒரு தம்பி, அதுக்கு?”

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

“வர சனிக்கெழமையும் எடுப்பாங்களா?”

“எடுக்கக் கூடாதுன்னா பருப்பு நின்னுடும் அஞ்சலை.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்கவில்லை. அதுதானே உண்மை. கேட்காமலேயே நின்றுவிடும் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன்.

வாசல் வரை வந்தாள். “வெள்ளிக்கெழம கோயில்ல கூழு ஊத்துறோம். தூக்கு எடுத்துகினு வாங்க.”


ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. காலையில் ஸ்கூல் மைதானத்தில் கொடியேற்றம், மிட்டாய். அப்படியே மந்தாரக்குப்பம்.

மாரியம்மன் கோயில் வாசலில் பெரிய பெரிய அண்டாக்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, ஒரு பக்கம் கருவாட்டுக் குழம்பு வாசனை. வரிசை தெருமுனை வரை. ஆட்டோக்காரர்கள், வக்கீல் ஒருவர், கல்யாணப் பெண் மாதிரி நகை போட்ட ஒரு அம்மா, எல்லோர் கையிலும் தூக்கு அல்லது சொம்பு. அண்டா பக்கத்தில் அஞ்சலை, மஞ்சள் புடவை, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். ராஜாமணி!

“வாங்கம்மா! வருஷா வருஷம் இங்கதான் வாங்குறது. எங்கூட்டுப் புள்ளைங்களுக்கு இந்தக் கூழுதான் வேணும்.”

இப்போது விட்டால் கேட்கவே மாட்டேன் என்று தோன்றியது.

“அண்ணே, இங்க ஒங்கள யாராவது போட்டோ எடுத்தாங்களா?”

சிரித்தார். “கூழு வாங்குறத எதுக்கும்மா எடுக்குறாங்க?” கேட்ட பிறகு அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

“சனிக்கிழமை வரிசையிலயும் வேணாமே அண்ணே. போன வாரம் பாதிப் பேரு திரும்பிப் போயிட்டாங்க. பருப்பு அப்படியே அலமாரியில இருக்கு.”

“சாரு ஒண்ணும் சொல்லலியே?”

“அவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன்.”

வரிசை கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகு, முகத்தைத் திருப்பாமலேயே பேசினார். “நான் வியாபாரிம்மா. பொய் சொல்ல மாட்டேன். குடுக்கிறது நாலு பேருக்குத் தெரியணும்னுதான் குடுக்கிறேன்.”

“ஒங்க பேரு தெரியட்டும். அவங்க மொகம் எதுக்கு?”

அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. அஞ்சலை அவர் தூக்கை நிரப்பி, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்றாள். “ஊத்தும்மா, வூட்ல நெறைய பேரு” என்று மறுபடி நீட்டினார். இவள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் என்று இவளுக்குத் தெரியும்.

என் முறை. “தூக்க நல்லா புடிங்கக்கா, தளும்புது.” அவ்வளவுதான் பேசினாள்.

வீட்டில் இவர் இரண்டு சொம்பு குடித்தார்.


ஆகஸ்ட் 16, சனி

காலையில் சு. சார் ஃபோன். கோபம். “என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நீங்க எப்படி மேடம் அவர்கிட்ட பேசலாம்? பருப்பு வரலன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.” சரி சார் என்றேன். பயமாகத்தான் இருந்தது. வீட்டுப் பருப்பு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அது எத்தனை பைக்கு வரும்? தெரிந்துதான் எடுத்துப் போனேன்.

பின்னறைக்கு எங்களுக்கு முன்பே அஞ்சலை வந்திருந்தாள். “கட்டுற வேலையாச்சும் செய்யிறேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். அலமாரியில் மிஞ்சின பருப்பைப் பாதி பாதியாகப் பிரித்துக் கட்டலாம் என்று பத்மா. அப்படியே ஆரம்பித்தோம்.

ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பருப்பு, எண்ணெய், போன வாரத்தைவிடக் கூடவே. பேனர் இல்லை. போட்டோக்காரர் இல்லை. ஆனால் கட்டுக் கட்டாகப் புதுத் துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் கடைப் பெயர், கீழே ராஜாமணி கை கூப்பியபடி. பேசினதற்கும் இதற்கும் நடுவில் எப்போது அச்சடித்தார்? கடைக்காக வைத்திருந்த பைகளாக இருக்கும்.

பத்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சு. சார் பெருமூச்சு விட்டார். கோபம் போய்விட்டது.

வரிசை ஆரம்பித்தது. பேனர் இல்லை என்று பார்த்துவிட்டு டீச்சரும் வந்தாள். டெலிவரி பையன் பைக்கை வாசலிலேயே நிறுத்தினான். போன வாரம் பெயர் தெரியாமல் போன பெண்ணிடம் இன்று பெயர் கேட்டேன். கலைச்செல்வி.

அஞ்சலைக்கு அவள் பையைக் கொடுத்தேன். சாமான்களை மேஜைமேல் எடுத்து வைத்தாள். பையை உதறினாள். உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். மறுபடி எல்லாவற்றையும் அடுக்கினாள், சோப்பை மேலே வைத்து.

“நல்ல துணிக்கா. தொவச்சா ரொம்ப நாளு வரும்.”

பின்னால் நின்ற டீச்சர், “எனக்கும் அப்படியே குடுங்க” என்றாள். அதற்குப் பிறகு நானும் பத்மாவும் காலிப் பைகளைத் திருப்பிவிட்டுத்தான் நிரப்பினோம். வெறும் வெள்ளைப் பை. கடையிலிருந்து வருகிற யார் கையிலும் இருக்கிற பை.

சு. சார் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பைக்கட்டை மடியில் எடுத்து வைத்துத் திருப்ப ஆரம்பித்தார்.

“ராஜாமணி வந்து பாத்தாருன்னா?” என்றாள் பத்மா.

“பேரு உள்ள பத்திரமா இருக்குல்ல,” என்றார் சார். “அடுத்த பையக் குடும்மா.”