பச்சை மணப்பெண்

செப்டெம்பர் 11, வியாழன்

புது கிராபிக்ஸ் கார்ட் வந்துவிட்டது. மூன்று கமராவில் எடுத்த மதுஜாவின் கலியாணத்தைப் பழைய கார்டால் இழுக்க முடியவில்லை. பத்து நொடிக்கு ஒரு தடவை உறைந்து நிற்கிறது.

திரிம்பாக் கோயிலில் தாலி ஏறிய அன்று அவளுடைய அப்பா குலேந்திரன் அண்ணை பாசல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தள்ளிப்போட வேண்டாம் என்று அவரேதான் சொன்னாராம். இப்போதும் அங்கேதான். இன்னும் சில கிழமைகள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் நான் படத்தை வெட்டித் தொகுத்து முடிக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் என் கணவர் தயாபரன் சாமித்தட்டோடு வந்து, கார்டின் விசிறி மூடியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். "புதுக் காருக்கும் வைச்சனாங்கள்தானே?" என்றார். வந்த எரிச்சலில் பெருவிரலால் துடைத்தேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

பூட்டியாயிற்று. திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். மதுஜாவின் முகம் பச்சை, கூறைச்சேலை நாவல் நிறம், ஐயர் பாதிதான் தெரிகிறார். முதியோர் இல்லத்தில் எட்டரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து இதையா பார்க்க வேண்டும்?

செப்டெம்பர் 13, சனி

டிரைவரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். நான்கு தடவை. பச்சை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

கேபிளை மாற்றினேன். இரவல் வாங்கிய திரையிலும் அதே கோலம். கடைக்கு நாளைதான் போன் எடுக்கலாம். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைக்கூடத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட முடியாது.

குலேந்திரன் அண்ணையின் மனைவி செல்வராணி அக்கா போன் எடுத்தா. "ஒவ்வொரு நாளும் கேக்கிறார் தங்கச்சி. வருது வருது எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"ரெண்டு நாள் அக்கா" என்றேன். எந்த ரெண்டு நாள்?

செப்டெம்பர் 15, திங்கள்

அனுப்பி வையுங்கள், சோதிக்க மூன்று கிழமை ஆகும் என்கிறது கடை. மூன்று கிழமை!

தயாபரன்மேல் பாய்ந்தேன். "எல்லாம் உங்கட பொட்டால வந்தது." அவர் கோபிக்கவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"வெட்டாமலே குடுமன், கலா. திரையில பூப் பறக்கிற வித்தையளையோ அந்தாள் கேட்டவர்?"

வெட்டாமலா? நாலரை மணித்தியாலம். ஆடுகிற கமரா, மைக் போட்டிருப்பதை மறந்து கதைத்தவர்கள், பந்தியில் வாக்குவாதம். அதையா என் பெயரில் கொடுப்பது? பதினொரு வருடத்தில் ஒரு வீட்டிலும் குறை கேட்டதில்லை.

செப்டெம்பர் 16, செவ்வாய்

அக்கா மறுபடியும் எடுத்தா. நோவுக்கு மோர்ஃபின் கூட்டியிருக்கிறார்களாம். அழவில்லை, மெதுவாகக் கதைத்தா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாருக்காக இழுத்தடிக்கிறேன் — அவருக்காகவா, என் பெயருக்காகவா?

எடுத்த எல்லாவற்றையும் அப்படியே ஒரு டிஸ்கில் ஏற்றினேன். இங்கே பாடனில் ரயில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் மதுஜாவின் கையில் கொடுத்தேன். "இது படமில்லை பிள்ளை, சும்மா எடுத்தபடி கிடக்கு" என்று மூன்று தடவை சொன்னேன்.

"ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்றபடி லிஃப்டுக்கு ஓடினாள்.

செப்டெம்பர் 18, வியாழன்

கடைக்கு அனுப்புவதற்காகக் கார்டைக் கழற்றினேன். கணினிக்குள் செருகும் தங்க நிறப் பற்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. சந்தனம்.

அவர் பொட்டு வைத்தது மூடியில். பற்களுக்குக் கொண்டுபோனது என் பெருவிரல். துடைத்த கையைக் கழுவாமல் அதிலே பிடித்துத்தானே பூட்டினேன்.

அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன். நிறம் அச்சொட்டாக வந்தது. என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

தயாபரனிடம் சொன்னேன். எழும்பிக் குசினிப் பக்கம் போனார். "தேத்தண்ணி போடட்டோ?"

செப்டெம்பர் 25, வியாழன்

நேற்று குலேந்திரன் அண்ணையின் இறுதிக் கிரியைகள் முடிந்தன.

இன்று மதுஜா ஒரு கடதாசியைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கட்டிலருகே இருந்து மூன்று நாளாக முழுவதையும் அப்பாவோடு பார்த்தாளாம். அவர் சிரித்த இடங்களை நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறாள்.

"1:12 — தயிர் எங்கை எண்டு சித்தப்பா கத்தினது.
2:40 — மாமா நித்திரை கொண்டது.
3:05 — மைக் இருக்கிறது தெரியாமல் நான், அப்பா இப்ப சாப்பிட்டிருப்பாரோ எண்டு அம்மாவைக் கேட்டது. இதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னவர்."

கீழே இன்னும் பதின்மூன்று. "இதுகளை வெட்டிப்போடாதேங்கோ அன்ரி. அவசரமில்லை."

பதினாறும் நான் வெட்டி எறிய வைத்திருந்தவை. கார்ட் எங்கும் நிற்காமல் ஓடுகிறது. 1:12இலிருந்து தொடங்கியிருக்கிறேன்.